ஒரு பர்னர் மட்டுமா, எல்லா பர்னருமா?

கேள்வி: எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் இடப்பக்கத்துப் பெரிய பர்னர் மட்டும் மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கிறது. சிலிண்டரில் ஏதோ கலப்படம் என்றும், வேறு சிலிண்டர் மாட்டினால் சரியாகிவிடும் என்றும் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: "இடப்பக்கத்து பர்னர் மட்டும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கிறது. ஒரே சிலிண்டரிலிருந்து, ஒரே ரெகுலேட்டர், ஒரே டியூப் வழியாகத்தான் இரண்டு பர்னர்களுக்கும் எரிவாயு வருகிறது. வலப்பக்கத்து பர்னர் நன்றாக நீலமாக எரியும்போது சிலிண்டர் மீது பழி போட இடமே இல்லை. அடுப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: ஒரு பர்னரில் மட்டும் குறை என்றால் அந்த பர்னரிலோ அதன் ஜெட்டிலோ நாபிலோ கோளாறு; எல்லா பர்னர்களிலும் ஒரே மாதிரி குறை என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இதைப் பாராமல் புது அடுப்பே வாங்கிவிடுகிற வீடுகள் உண்டு என்பது வருத்தத்துக்குரியது.

நாபுக்குப் பின்னால் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் ஊசித்துளை வழியாக எரிவாயு சீறிக்கொண்டு வெளிவரும்போது பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் நுழைகிறது. இரண்டும் கலந்த பிறகே பர்னரின் துளைகளில் வந்து எரிகின்றன. காற்று போதுமான அளவு கலந்தால் சுடர் நீலமாக இருக்கும். காற்று குறைந்தால் எரிவாயுவில் உள்ள கரி முழுவதும் எரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்து பாத்திரத்தில் படிகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. ஆகையால் அந்த பர்னரைச் சரிசெய்யும் வரை, சமைக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

காற்று குறைவதற்குப் பெரும்பாலும் அழுக்கே காரணம். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னர் துளைகளில் காய்ந்து அடைத்திருக்கும். குழாயின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்திருக்கும். சில நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய வலை ஒன்றே போதும்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு பர்னரைக் கழற்றுங்கள். பித்தளை பர்னராக இருந்தால் புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். அடியில் உள்ள கலவைக் குழாய் பல அடுப்புகளில் அலுமினியத்தால் ஆனது. அதற்குப் புளியோ வினிகரோ வேண்டாம், துணியைக் குச்சியில் சுற்றி உட்புறத்தைத் துடைத்தால் போதும். கழுவிய பர்னரை வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் மாட்டக் கூடாது, ஏனெனில் துளைகளில் நீர் தங்கியிருந்தால் சுடர் விட்டுவிட்டு எரியும். திரும்ப வைக்கும்போது அது தன் பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தாலும் அந்த இடைவெளி வழியாகச் சுடர் பக்கவாட்டில் கிளம்பும்.

ஜெட்டில் மட்டும் நிதானம் தேவை. அதன் துளை அடுப்பின் அளவுக்கேற்பத் துல்லியமாகப் போடப்பட்டது. ஊக்கையோ தையல் ஊசியையோ விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, காற்றுக்கு மிஞ்சிய எரிவாயு வந்து, மஞ்சள் சுடர் முன்னைவிட மோசமாகும். பர்னரைச் சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் ஜெட்டையே புதிதாக மாற்றிவிடுவது நல்லது. அதன் விலை அதிகமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமையலறையைப் பெருக்கும்போதோ உப்புத் தண்ணீர் தெறிக்கும்போதோ நீலச் சுடரில் ஆரஞ்சுப் பொறிகள் தோன்றி மறைவது கோளாறு அல்ல. நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறிய பின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். கரி ஒட்டவில்லை என்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: மார்கழி, தை மாதக் காலைகளில் எங்கள் அடுப்பின் இரண்டு பர்னர்களும் மெலிந்து எரிகின்றன, சிலிண்டரை அசைத்தால் உள்ளே எரிவாயு இருப்பது தெரிகிறது. சிலிண்டரை வெந்நீரில் வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: செய்யவே கூடாது. சிலிண்டரைச் சூடாக்குவதும், சாய்த்து அல்லது படுக்கவைத்துப் பயன்படுத்துவதும் ஆபத்தானவை. சாய்த்தால் திரவமாக உள்ள எரிவாயு அப்படியே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடலாம்.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும். பியூட்டேன் ஆவியாகும் நிலையோ ஏறக்குறைய 0 டிகிரி. சிலிண்டர் தீரத் தீரப் புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேற, கடைசியில் பியூட்டேனே மிகுதியாகத் தங்குகிறது. ஆவியாகும்போது திரவம் தன் வெப்பத்தையும் இழந்து மேலும் குளிர்வதால், உங்கள் ஊர்க் குளிரில் சிலிண்டரின் கடைசிப் பகுதி மந்தமாக எரிவது இயல்பே. சிலிண்டரைக் குளிர்காற்று அடிக்காத, ஆனால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்து, காலையில் இரண்டு பர்னர்களையும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் எரிக்காமல் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஆனால் புதிதாக மாட்டிய சிலிண்டரிலும் இப்படி நேர்ந்தால் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. டியூப் எங்கேனும் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ரெகுலேட்டரை ஏஜென்சியில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை வீட்டில் பிரிக்கக் கூடாது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அசைத்துப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். காலி எடை சிலிண்டரின் மேல்பகுதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எடை போட்டு அதைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். நிறைந்த வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும்.

கேள்வி: தானாகப் பற்றும் அடுப்பு வாங்கினோம். பால் பொங்கியதிலிருந்து நாபை விட்ட பிறகும் 'டிக் டிக்' என்று பொறி விட்டுக்கொண்டே இருக்கிறது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நாபுக்கு அடியில் உள்ள சுவிட்சில் ஈரம் இறங்கியிருக்கிறது. ரெகுலேட்டரை மூடி, பேட்டரியைக் கழற்றி, நாபை மேல்நோக்கி இழுத்து எடுத்துவிட்டு ஒருநாள் காயவிடுங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். பர்னர் அருகே உள்ள வெள்ளைப் பீங்கான் முனையில் பால் காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பீங்கானில் கீறல் விழுந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: நாப் மிகவும் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் இலகுவாக இருந்து மறுபடி இறுகிவிட்டது. என்ன எண்ணெய் விடலாம்?
- வாசகர், சேலம்

பதில்: எந்த எண்ணெயும் வேண்டாம். நாபின் அடியில் கூம்பு வடிவப் பித்தளைத் துண்டு ஒன்று, அதற்கெனக் கடைந்த குழிக்குள் இருந்து திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் பூசப்பட்டுள்ள, வெப்பம் தாங்கும் கிரீஸ் திருப்புவதை இலகுவாக்குவதோடு எரிவாயு கசியாமலும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் விட்ட எண்ணெய் அந்த கிரீஸைக் கரைத்துவிட்டுச் சூட்டில் தானும் பிசினாகிவிட்டது. அதனால்தான் மறுபடி இறுகியது. அதைவிட முக்கியம், இப்போது அங்கே கசிவு இருக்கக்கூடும். குறடு போட்டுத் திருப்பாதீர்கள், நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். கூம்பில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது சரியாக மூடாது. பழகிய மெக்கானிக்கைக் கொண்டு கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் பூசச் சொல்லி, அவர் கிளம்புவதற்கு முன்பே நாபின் தண்டைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் குழாய் எரிவாயு வந்துவிட்டது. பழைய அடுப்பை இணைத்தால் சுடர் சிறிதாக இருக்கிறது. ஜெட் துளையைப் பெரிதாக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: துளை பெரிதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஊகித்தது சரி, அதை வீட்டிலேயே குடைந்து செய்ய நினைப்பதுதான் தவறு. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதே கன அளவில் சிலிண்டர் எரிவாயு இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் தரும். குழாய் எரிவாயு அடுப்புக்கு வரும் அழுத்தமும் குறைவு. அதற்குரிய ஜெட்டை இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆட்களே மாற்றித் தர வேண்டும். பின்னாளில் அந்த அடுப்பைச் சிலிண்டர் வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுப்பதாக இருந்தால் பழைய ஜெட்டை மாட்டாமல் கொடுக்காதீர்கள். சுடர் அளவுக்கு மீறி எழும்.

கேள்வி: புதுச் சிலிண்டர் மாற்றியதிலிருந்து லேசான வாடை வருகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாம் என்று மாமியார் சொல்கிறார்.
- வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து அவரைத் தடுத்துவிடுங்கள். எரிவாயுவுக்குத் தனக்கென்று வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் ஏதோ ஓர் இடத்தில் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானதால் மேலே போகாமல் தரையோரம் தேங்கி நிற்கும். நாப்களையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். வீட்டில் எரியும் விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்துவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மின்விசிறி, மின்விளக்கு எதையும் போடவும் வேண்டாம், ஓடுவதை நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். வாடை பலமாக இருந்தால் எல்லோரும் வெளியேறி, வெளியில் நின்று 1906 என்ற எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.

லேசான வாடை, அதுவும் சிலிண்டர் மாற்றியதும் தொடங்கியது என்றால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தோ விலகியோ இருக்கலாம். காற்றோட்டம் வந்து வாடை முழுவதும் அகன்ற பிறகு, அடுப்பைப் பற்றவைக்காமல் ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூபின் இரு முனைகள், நாப்களின் தண்டு ஆகியவற்றில் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி ஒன்று ஊதிப் பெருத்து உடைந்து மறுபடி கிளம்பும். வால்வில் குமிழி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியை அழுத்திப் பூட்டி, சிலிண்டரைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து ஏஜென்சியை அழையுங்கள். டியூப் முனையில் வந்தால் வெட்டி ஒட்டுப்போடாமல் புது டியூப் மாற்றுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, கம்பி வலை பதித்த ஆரஞ்சு நிற டியூபையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இனிச் சிலிண்டர் வரும்போது, கொண்டுவருபவர் முன்னிலையிலேயே மூடியைத் திறந்து வால்வைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அது அவருடைய கடமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.