கல்யாணப் பத்திரிகையில் முகவரி மட்டும் அரைகுறையாக வருவது ஏன்

மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் அடித்ததில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலின் ஆங்கில முகவரி மட்டும் கோடுகள் அங்கங்கே விட்டுப்போய் வந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அச்சகத்தாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் பிளேஃபேர் டிஸ்பிளே தலைப்புக்கென்றே வரைந்த எழுத்துரு: தடித்த கோடு நல்ல தடிப்பு, மெல்லிய கோடு மயிரிழை. மணமக்கள் பெயரை 36 பாயிண்டில் போட்டால் கம்பீரமாக நிற்கும். 8 பாயிண்டில் அந்த மயிரிழைகளும் செரிஃப் நுனிகளும் (எழுத்தின் ஓரங்களில் நீட்டும் குட்டிக் கோடுகள்) ஃபாயிலில் சரியாகப் பிடிக்காது. முகவரிக்கு நோட்டோ செரிஃப் எழுத்துருவைப் போட்டு, எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்.

அப்புறம், பிளேஃபேரில் தமிழே கிடையாது. தமிழ்ப் பெயர்கள் ஒட்டாமல் தெரிவது அதனால்தான். கணினி தானாக வேறு எழுத்துருவைப் போட்டிருக்கும். நோட்டோ செரிஃப் தமிழில் தடித்த வகையை வைத்துப் பாருங்கள். ஆனால் ரொம்பத் தடிப்பு வேண்டாம், ‘ணை’யின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும்.