ஆற்றங்கரையில் குடியிருப்பு கட்டினால் வெள்ளத்துக்கு எப்படித் தாங்கும்? சிங்கப்பூரில் செய்ததைக் கூவத்தில் செய்ய முடியுமா?

வெள்ளம் வரத்தான் செய்யும். அது வந்து நிற்க ஓர் இடம் ஒதுக்கிவிட்டுக் கட்டினால் பிழைத்தோம். நான் இருப்பது சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில், எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து காலாங் ஆறு ஐந்து நிமிட நடை, அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அத்தை இங்கேயே கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், வளர்ந்தவர். 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கட்டில் மேல் மேசையைப் போட்டு அதற்கு மேல் அரிசி மூட்டையை ஏற்றியதை இன்றைக்கும் சொல்வார் (கோழிகள் என்னவாயின என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்). அந்தக் காலத்து வைத்தியம் காங்கிரீட். ஆற்றை நேராக்கி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ளப் பார்த்தார்கள். வெள்ளம் குறைந்தது, ஆனால் ஆறு பெரிய சாக்கடை மாதிரி ஆகிவிட்டது, யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு செய்தது நேர்மாறு. காலாங் ஆறு ஓடும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. காங்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். பழைய கால்வாயின் அகலம் அதிகபட்சம் 24 மீட்டர். இப்போது பெருமழை பெய்தால் ஆறு 100 மீட்டர் வரை விரியலாம். மற்ற நாளில் பிள்ளைகள் பந்தாடுகிற புல்வெளிதான் அன்றைக்கு ஆறு. ஒருமுறை மகனோடு நின்றிருந்தபோது எச்சரிக்கை விளக்கு மின்னி சைரன் அடித்தது, எங்கள் தலையில் மழை இன்னும் சரியாக விழக்கூட இல்லை, மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் சற்று முன் தாண்டிவந்த கற்கள் தண்ணீருக்குள்!

சரி, பூங்கா ஒன்றே போதுமா என்றால் போதாது. ஆறு போய்ச் சேரும் இடத்தில் 2008இலிருந்து மரினா அணைக்கட்டு இருக்கிறது. கனமழையின்போது கடல் வற்றியிருந்தால் மதகைத் திறப்பார்கள், கடல் ஏறியிருந்தால் 7 ராட்சத பம்புகள் நொடிக்கு 280 கன மீட்டர் வரை இறைத்துக் கடலில் கொட்டும். அப்புறம், 2014 முதல் 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள மனையில் புதிதாகக் கட்டுபவர், தன் மனையில் விழும் மழையைக் கொஞ்சம் பிடித்துவைத்து மெதுவாகத்தான் வடிகாலில் விட வேண்டும். விளம்பரப் படத்தில் இதெல்லாம் வராது, மரமும் காப்பிக்கடையும்தான் வரும்.

ஆற்றங்கரையில் நடக்கிற வசதிக்கு, சிங்கப்பூர் ஆற்றோரம் இருக்கும் கிளார்க் கீயைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். சாயங்காலம் படம் எடுக்க நல்ல இடம், விலையைக் கேட்டால் தாகம் அடங்கிவிடும். எனக்குப் பிடித்தது காலாங் கரையில் இருக்கும் கோலாம் ஆயர் பக்கம். லிஃப்டில் இறங்கினால் கடை, சந்தை, ஆறு, எதற்கும் கார் தேவையில்லை. குறை இல்லாமல் இல்லை: நான் சைக்கிளில் போய்வந்த காலத்தில், பிஐஇ விரைவுச்சாலைக்கு அடியில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பாதை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி கூவம். காலாங் ஆறு மொத்தமே சுமார் 10 கி.மீ., தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அரசாங்கம், ஒரே நீர் வாரியம். கூவம் 70 கி.மீ.க்கு மேல். தொழில்நுட்பத்தை வாங்கிவிடலாம், கரையில் இருப்பவர்களை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் நிற்கும். இங்கேயும் 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தபோது சுமார் 26,000 குடும்பங்களை இடம் மாற்றினார்கள், ஏறக்குறைய 5,000 தெரு வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மாற்று வீடு கிடைத்தது, பழைய பிழைப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பன்றிப் பண்ணை வைத்திருந்தவர் மாடி வீட்டில் என்ன வளர்ப்பார்? கூவம் கரையில் இருந்தவர்களைப் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் வரை அனுப்பியதைப் பார்த்தால், சென்னையில் நீங்கள் இந்த விஷயத்தில் எங்களைவிட மோசமாகத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.