பத்து வருஷம் உழைக்கும் குடும்ப எஸ்யூவி எது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நடுத்தர எஸ்யூவிகள் பற்றி வந்த கேள்விகளில் பாதி "எந்த கம்பெனி நல்ல கம்பெனி?" என்றே இருக்கின்றன. அதைவிட முக்கியம் எந்த இன்ஜின், அதோடு எந்த கியர்பாக்ஸ், அது தினமும் எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்பது. ஒரே பெயரில் விற்கும் காரிலேயே மூன்று நான்கு ஜோடிகள் கிடைக்கின்றன. பத்து வருஷம் கழித்து அவை ஒரே மாதிரி இருக்காது.

கேள்வி (திருச்சி): சார், வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுவேன். ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் மாற்றமாட்டேன். கிரெட்டா, கிராண்ட் விட்டாரா, எலிவேட் மூன்றில் எது தொல்லை தராது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் தாராளம். மூன்றிலும் அது கிடைக்கிறது. மூன்றுமே டைமிங் செயின் இன்ஜின்கள், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது ரப்பர் பெல்ட் இல்லை, இரும்புச் சங்கிலி, அதனால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. டர்போவும் இல்லை, அதிக அழுத்தத்தில் வேலை செய்யும் எரிபொருள் பம்ப்பும் இல்லை. கெட்டுப்போக உள்ள பாகங்கள் குறைவு என்பதுதான் இவற்றின் பலம்.

ஆனால் ஒன்று. கிராண்ட் விட்டாரா 2022-லும் எலிவேட் 2023-லும் வந்தவை. பத்து வருஷம் ஓடிய வண்டி எங்கேயும் கிடையாது. கிரெட்டா 2015-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. ஆனால் 2020-ல் தலைமுறையே மாறிவிட்டது. மாமா வைத்திருக்கும் பழைய 1.6 டீசல் கிரெட்டா நன்றாக ஓடுகிறது என்பது, இன்று நீங்கள் வாங்கும் கிரெட்டாவுக்குச் சாட்சி ஆகாது. பெயர் அதேதான், இன்ஜின் வேறு.

மேனுவல் என்றால் நான் எலிவேட்டைச் சொல்வேன். அதன் இன்ஜின் 2020-லிருந்து சிட்டி காரில் ஓடிக்கொண்டிருப்பது. ஆட்டோமேட்டிக் என்றால் கிராண்ட் விட்டாரா. அதில் இருப்பது பழைய பாணி 6-ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். முடுக்கினால் கொஞ்சம் சோம்பல்தான், ஆனால் சூட்டையும் நெரிசலையும் நன்றாகத் தாங்கும் வகை. கிரெட்டாவின் ஐவிடி, எலிவேட்டின் சிவிடி (இரண்டும் படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) இரண்டும் நிதானமாக ஓட்டும் குடும்பத்துக்குப் பொருத்தமே. கியர்பாக்ஸ் ஆயிலைக் கையேடு சொல்லும் நேரத்தில் மாற்ற வேண்டும், அதுவும் கம்பெனி சொல்லும் அதே ஆயிலாக இருக்க வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி (சென்னை, சோழிங்கநல்லூர்): அண்ணா, டர்போ பெட்ரோல் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஓட்டிப் பார்த்தேன், மனசு அதிலேயே நிற்கிறது. தினமும் ஓஎம்ஆர் நெரிசலில் ஒன்றரை மணி நேரம். வாங்கலாமா?

பதில்: ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் ரோடுதான் அந்தக் கியர்பாக்ஸுக்குக் கடினமான ரோடு.

கிரெட்டா, செல்டோஸ் டர்போவில் வரும் 7-ஸ்பீடு டிசிடியும், டைகுன், குஷாக் கார்களின் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோலில் வரும் 7-ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் உலர் கிளட்ச் வகை. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டையும் குளிர்விக்க ஆயில் கிடையாது, காற்று மட்டும்தான். மேனுவல் வண்டியில் அரை கிளட்சில் நகர்த்தினால் கருகும் வாடை வருமே, நெரிசலில் இந்தக் கியர்பாக்ஸும் அதே அரை கிளட்ச் வேலையைத்தான் செய்கிறது. மனிதன் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான். மே மாத வெயிலில் முன் வண்டியின் பம்பரை ஒட்டி அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும், எச்சரிக்கை விளக்கு வரும். வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் கிளட்ச் சீக்கிரம் தேயும். மாற்றும் செலவு சாதாரண கிளட்சைப் போலப் பல மடங்கு.

மனசு மாறவே மாறாது என்றால் இப்படி ஓட்டுங்கள். முன் வண்டி ஒரு கார் நீளமாவது நகர்ந்தபின் பிரேக்கை முழுதாக விட்டு நகருங்கள், பிறகு முழுதாக நில்லுங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். நீட்டித்த வாரண்டியை முதல் நாளே எடுங்கள்.

டர்போவும் வேண்டும், நெரிசலும் தாங்க வேண்டும் என்றால் டைகுன், குஷாக் 1.0 டிஎஸ்ஐயில் வந்த 6-ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டரை ஓட்டிப் பாருங்கள். அந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓசூர்): கிரெட்டாவா, செல்டோஸா? எது நம்பகம்?

பதில்: இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் பொதுதான். உங்கள் வீட்டுக்கு எந்த சர்வீஸ் சென்டர் பக்கம், அங்கே யார் பொறுப்பாக வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி (கோவை): டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் ஓட்டும் வண்டி) எடுக்கலாம் என்றிருக்கிறேன். எட்டு வருஷத்தில் பேட்டரி போய்விடும், லட்சக்கணக்கில் செலவு என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பேட்டரிக்குக் கம்பெனி தருவது 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி. எட்டாம் வருஷம் செத்துவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மின்சாரக் கார் பேட்டரியோடு இதை ஒப்பிடவே கூடாது. இது ஒரு கிலோவாட்-மணிகூட இல்லாத சின்னப் பேட்டரி. முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாக வற்றவும் விடாது, நடுவிலேயே வைத்திருக்கும். ஆயுள் நீள்வது அதனால்தான்.

இந்தக் கூட்டத்திலேயே எந்திர ரீதியில் நான் அதிகம் நம்புவது இந்த ஹைபிரிட்டைத்தான். டொயோட்டா 1997-ல் ஜப்பானில் பிரியஸில் கொண்டுவந்த முறையின் வழியில் வந்தது. கியர்பாக்ஸில் பெல்ட் இல்லை, தேயும் கிளட்ச் இல்லை, கோள்களைப் போல ஒன்றையொன்று சுற்றும் பல்சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்கூடக் கிடையாது. வேகம் குறையும்போது மோட்டாரே இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேட் அதிக நாள் வரும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று போகும் துளை கேபினுக்குள் இருக்கிறது. அதைப் பையாலும் போர்வையாலும் அடைக்காதீர்கள், சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வருஷம் 8,000 கி.மீ.க்குக் கீழே என்றால் கூடுதல் விலையை மைலேஜில் மீட்பது கஷ்டம். நம்பகத்தன்மைக்காக எடுக்கிறீர்கள் என்றால் சரி.

கேள்வி (நாமக்கல்): பள்ளிக்கூடம் போய்வர தினமும் 6 கி.மீ. மாதம் ஒருமுறை பெங்களூரு. டீசல் நீண்ட நாள் உழைக்கும் என்கிறாரே அப்பா?

பதில்: அப்பா சொல்வது அவர் ஓட்டிய டீசலுக்குச் சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகைத் துகளைப் பிடித்து வைத்து, நன்றாகச் சூடேறியதும் எரித்துவிடும். ஆறு கிலோமீட்டரில் அந்தச் சூடு வராது. எரிக்க முயன்று பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் அலட்சியம் வேண்டாம்.

பெங்களூரு பயணம் மாதம் ஒன்று மட்டும் என்றால் உங்களுக்குப் பெட்ரோல்தான். தினமும் நெடுஞ்சாலையில் 60, 70 கி.மீ. போகிறவருக்கு கிரெட்டா, செல்டோஸின் 1.5 டீசல் இன்றும் அருமையான இன்ஜின்.

கேள்வி (தூத்துக்குடி): 2016 டஸ்டர் 110 டீசல், 95,000 கி.மீ., நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

பதில்: ஒரகடத்தில் செய்த வண்டி, சஸ்பென்ஷன் விஷயத்தில் இன்றைக்கும் அதை விரும்புகிறவர்கள் உண்டு. முதல் கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா? அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீண். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் குறையுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்று, அதனால் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதித் துருவையும் ஏசி கண்டென்சரையும் பாருங்கள். டர்போ பக்கம் ஆயில் கசிவு இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (மதுரை): வீட்டில் ஏழு பேர். எக்ஸ்யூவி 700, சஃபாரி இரண்டில் எது நாள்பட நிற்கும்?

பதில்: இரண்டு டீசல் இன்ஜினும் பயப்பட வேண்டாதவை. சஃபாரியின் 2.0 ஃபியட் வழி வந்தது, எக்ஸ்யூவியின் 2.2 மஹிந்திராவின் எம்ஹாக் டீசல் பரம்பரை. ஆட்டோமேட்டிக் இரண்டிலும் டார்க் கன்வெர்ட்டர்தான். இந்த அளவு வண்டிகளில் வாரண்டி முடிந்தபின் பணம் கரைவது பெரும்பாலும் திரை, சென்சார், கேமரா, மின்சார இருக்கை என்று இன்ஜினுக்கு வெளியே. அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு அமைப்பு) கேமரா உள்ள முன் கண்ணாடியில் கல் அடித்தால், கண்ணாடி மாற்றுவதோடு கேமராவை மறுபடி அளவிட்டுச் சீராக்கவும் வேண்டும். பெரிய சன்ரூஃபின் வடிகால் குழாயில் வேப்பிலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஒயரிங்கை அரிக்கும்.

பத்து வருஷம் வைத்திருப்பவர் டாப் வேரியன்ட்டுக்குப் போகாமல் நடு வேரியன்ட்டோடு நிற்பது நல்லது. இதை நான் சொந்த வீட்டாருக்கும் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): என்னுடையது 2018 பெட்ரோல். இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் கெட்டுவிடுமா?

பதில்: ஒரே நாளில் கெடாது. மைலேஜ் குறையும். எத்தனால் இல்லாத இ-0-க்கு வடிவமைத்து 10 சதவீதம் கலந்த இ-10-க்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்பது நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட மதிப்பீடு. பழைய ரப்பர் ஹோஸ், சீல்களைத்தான் கவனிக்க வேண்டும். சர்வீஸில் எரிபொருள் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலியாக விடாதீர்கள், ஈரம் சேரும்.

கேள்வி (வேளச்சேரி): மழையில் பம்பர்வரை தண்ணீர் நின்றது. வடிந்தபின் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், ஹைபிரிட் என்றால் அதையும் தொடாமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுங்கள், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் அனுப்புங்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்க்காத பாலிசி என்றால், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து போன இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் வராது. அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நீட்டித்த வாரண்டி வீண் செலவா?

பதில்: மேனுவல் பெட்ரோலுக்கு விருப்பம்போல. டர்போ, டிசிடி, பெரிய திரை, சன்ரூஃப் உள்ள வண்டிக்கு அவசியம். கம்பெனி தரும் வாரண்டியா, டீலர் விற்கும் வேறு பாலிசியா என்று தாளைப் படித்துப் பாருங்கள். எலி கடித்த ஒயருக்கு வாரண்டியில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதற்கு இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும்.