பில் போடும் சாஃப்ட்வேருக்கு 410 எம்.பி. எதற்கு?

கேள்வி: நண்பரின் மருந்துக் கடைக்காகப் பைத்தானில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினேன். அனகோண்டாவில் (நிறையத் தொகுப்புகளோடு சேர்ந்தே வரும் பைத்தான்) இருந்தபடி பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் புரோகிராமை எக்ஸ்.இ. ஆக்கும் கருவி) ஒரே எக்ஸ்.இ. கோப்பாக மாற்றினால் 410 எம்.பி. வருகிறது, திறக்கவே அரை நிமிடம். 6,000 ரூபாய்க்குச் சுருக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் ஓட்டப்போவது அநேகமாக எக்ஸ்.இ. கோப்புகளை அமுக்கும் யூ.பி.எக்ஸ். என்ற இலவசக் கருவி. உங்கள் கோப்பு ஏற்கெனவே அமுக்கப்பட்டதுதான்; மேலும் அமுக்கினால் பெரிதாகக் குறையாது. வைரஸ் எழுதுபவர்களும் இதே கருவியைப் பயன்படுத்துவதால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். கடைக்காரர் போன் செய்வது உங்களுக்கு, அவருக்கு அல்ல.

கோளாறு அனகோண்டாவில். எக்ஸெலைப் படிக்க ஓபன்பைஎக்ஸெல் என்ற தொகுப்பைப் போட்டிருப்பீர்கள். அதன் உள்ளே 'நம்பை (கணக்கீட்டுத் தொகுப்பு) இருந்தால் எடுத்துக்கொள்' என்று ஒரு வரி உண்டு. பைஇன்ஸ்டாலருக்கு அந்த 'இருந்தால்' புரியாது. கண்ணில் பட்டால் மூட்டை கட்டிவிடும். அனகோண்டாவின் நம்பையோடு இன்டெலின் எம்.கே.எல். என்ற கணித நூலகமும் வரும். அது மட்டுமே சில நூறு எம்.பி.! தரவு அலசும் பாண்டாஸ் தொகுப்பும் போட்டிருந்தால் தூக்கிவிடுங்கள், ஸ்டாக் பட்டியல் படிக்க அது வேண்டாம்.

சாதாரணப் பைத்தானை நிறுவி, புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த வேலைக்கு மட்டுமான தனி பைத்தான் ஃபோல்டர்) தொடங்கி, தேவையான மூன்று நான்கு தொகுப்புகளை மட்டும் போடுங்கள். பைஇன்ஸ்டாலரையும் அதற்குள்ளேயே போட வேண்டும். இல்லையென்றால் பழையதுதான் ஓடும், பழைய 410-தான் வரும்.

எந்தப் பைத்தான் என்பதில் மட்டும் கவனம். கடையில் விண்டோஸ் 7 என்றால் 3.8-ஐத் தாண்டக் கூடாது, 3.9 முதல் அதில் ஓடாது. 3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆனாலும் வேறு வழியில்லை. அது 32-பிட் கம்ப்யூட்டரா என்றும் பாருங்கள். 64-பிட்டில் கட்டியது அதில் திறக்காது. உங்கள் லேப்டாப்பில் ஓடியதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அந்த அரை நிமிடம், ஒரே கோப்பாகக் கட்டியதன் விளைவு. திறக்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் டெம்ப் ஃபோல்டரில் அவிழ்க்கிறது. ஃபோல்டராகக் கட்டி, இன்னோ செட்டப் என்ற கருவியில் இன்ஸ்டாலர் செய்யுங்கள்.

அப்புறம், அடுத்து ஒருவர் 'கையெழுத்துச் சான்றிதழ் (புரோகிராமை எழுதியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) மெயிலில் அனுப்புகிறேன்' என்று வருவார். 2023 ஜூன் முதல் அதன் சாவி யூ.எஸ்.பி. டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்க வேண்டும். சாவியோடு மெயிலில் வந்தால் நம்பாதீர்கள். கடைக்கு ஒரு பில் புரோகிராம் எழுதுகிறவனும் காசு கட்டி நல்லவன் என்று நிரூபிக்க வேண்டுமாம், என்ன நியாயமோ! ஒரு கடைக்கு அது வேண்டாம்.

கட்டியும் குறையவில்லையா? பில்ட் ஃபோல்டரில் 'எக்ஸ்ரெஃப்' என்று தொடங்கும் ஹெச்.டி.எம்.எல். கோப்பைத் திறந்து நம்பையைத் தேடுங்கள். அதை இழுத்து வந்தது யார் என்று அதிலேயே இருக்கும்.