இசைக் கேள்வி – பதில்: ஐந்து ஆல்பம் பாடியும் பெயர் தெரியாத பாடகர்

கேள்வி: சார், பிளாக் சப்பாத் ஹெவி மெட்டல் குழுவில் ஓஸி ஆஸ்போர்ன் பாடியதோடு நிறுத்திக்கொண்டவன் நான். டோனி மார்ட்டின் பாடிய ஆல்பங்களையும் கேட்கச் சொல்லிப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் நண்பர்களோ, 'அதெல்லாம் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி பழைய பெயரை வைத்து ஒப்பேற்றிய காலம்' என்கிறார்கள். யார் சொல்வது சரி?

நண்பர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. 1979-இல் ஓஸியை வெளியே அனுப்பினார்கள். ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980-இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்'லைப் பற்றி இன்று யாருக்கும் சண்டை இல்லை. டியோவும் போனபிறகுதான் குழப்பம். 1983-இல் டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், ஒரே ஓர் ஆல்பம். 1986-இல் க்ளென் ஹியூஸ், அவரும் ஒன்றோடு சரி. அந்த 'செவன்த் ஸ்டார்' ஐயோமியின் தனி ஆல்பமாகத் தொடங்கி, கடைசியில் சப்பாத் பெயரும் ஒட்டிக்கொண்டு வெளிவந்தது. இத்தனை ஆள் மாற்றத்தைப் பார்த்த ரசிகர் அடுத்து யார் வந்தாலும் காது கொடுக்கத் தயாராக இல்லை. அந்த நேரத்தில்தான், குழு பிறந்த அதே பர்மிங்ஹாமைச் சேர்ந்த மார்ட்டின் உள்ளே வருகிறார்.

வந்தவருக்குக் கிடைத்த முதல் வேலையே கடினமானது. 'தி எடர்னல் ஐடல்' ஆல்பத்தை ரே கில்லன் (இயன் இல்லை, இவர் வேறு) ஏற்கனவே பாடி முடித்துவிட்டு விலகியிருந்தார். இசை அப்படியே இருக்க, இன்னொருவர் பாடிவைத்த பாட்டுகளின் மேல் மார்ட்டின் புதிதாகப் பாடினார். 1987-இல் ஆல்பம் வந்தது. 'நைட்மேர்' பாட்டில் கேட்கும் சிரிப்பு மட்டும் ரே கில்லனுடையது, அப்படியே தங்கிவிட்டது. 2010-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் கில்லன் பாடிய முழுப் பதிவும் இருக்கிறது. 'தி ஷைனிங்' பாட்டை இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கில்லன் ஒவ்வொரு வரியையும் ப்ளூஸ் பாடகர்போல வளைத்து இழுக்கிறார், கேட்க இனிமைதான். மார்ட்டின் அதே வரியைச் சுத்தமாக, நேராகப் பாடுகிறார். ஐயோமியின் கிட்டார் அவ்வளவு கனமாக இருக்கும்போது மேலே இப்படி ஒரு தெளிவான குரல் வந்தால் பாட்டு நிமிர்ந்து நிற்கிறது. என் ஓட்டு மார்ட்டினுக்கு.

இங்கேதான் உங்கள் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 'அயர்ன் மேன்' பாட்டில் ஓஸி என்ன செய்கிறார்? கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு) போகும் மெட்டிலேயே அவர் குரலும் போகிறது. அந்தப் பாட்டின் பயங்கரமே அதில்தான் இருக்கிறது. மார்ட்டினோடு ஐயோமி எழுதிய பாட்டுகள் வேறு மாதிரி. 1989-இன் 'ஹெட்லெஸ் கிராஸ்' தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோஸி பவலின் டிரம்ஸ் அவசரமே இல்லாமல் இடி மாதிரி விழுகிறது. அதன்மேல் கிட்டார் ஒரு ரிஃப்பைப் போட்டுவிட்டு, பாடுபவருக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் மெட்டைக் கட்டுவது முழுக்கக் குரலின் பொறுப்பு. முடிவை நெருங்க நெருங்க மார்ட்டின் மேலே ஏறிக்கொண்டே போகிறார். ஓஸி அங்கே என்ன செய்திருப்பார் என்று கேட்பதில் பொருளே இல்லை. அவர் குரலை மனதில் வைத்து எழுதிய பாட்டே இல்லை அது.

அதே ஆல்பத்தில் 'வென் டெத் கால்ஸ்'. மெதுவாகத் தொடங்கும். மார்ட்டின் கிட்டத்தட்டக் காதோடு பேசுவதுபோலப் பாடுவார். பிறகு ரிஃப் வந்து விழும், அப்புறம் வேகம் பிடிக்கும். அதில் சோலோ வாசிப்பவர் குயின் குழுவின் பிரையன் மே! ஐயோமி தன் ஆல்பத்தில் இன்னொரு கிட்டார்காரரை விட்டு சோலோ வாசிக்க வைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சப்பாத் ரசிகர்களுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. அந்த ஆல்பத்தின் வரிகளில் எங்கே திரும்பினாலும் சாத்தான். இரண்டு பாட்டில் போதும், மொத்த ஆல்பத்துக்கும் அது அதிகம். 1990-இன் 'டீர்' ஆல்பத்தில் சாத்தான் பின்னுக்குப் போய் நார்ஸ் தெய்வங்கள், அதாவது பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வங்கள், வந்துவிட்டார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும். 'அன்னோ முண்டி'யின் தொடக்கத்தில் குரல்களை அடுக்கி ஒரு தேவாலயக் கோரஸ்போல எழுப்புகிறார்கள். பழைய சப்பாத்தில் இப்படி ஒரு தொடக்கம் கிடையாது.

மார்ட்டினை 'டியோவின் நகல்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டியோவின் குரலில் ஓர் அதட்டல் இருக்கும், கரகரப்பு இருக்கும். மார்ட்டினிடம் இருப்பது ஏக்கம். 1994-இன் 'கிராஸ் பர்ப்பஸஸ்' ஆல்பத்தில் 'டையிங் ஃபார் லவ்' கேளுங்கள். டியோ அதைப் பாடியிருந்தால் அறிவிப்புபோல இருந்திருக்கும். மார்ட்டின் பாடும்போது உண்மையிலேயே வலிக்கிறது.

கேள்வி: இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 1989 முதல் 1995 வரை மார்ட்டின் பாடிய நான்கு ஆல்பங்களும் ஐ.ஆர்.எஸ். என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தவை. பின்னாளில் அவை அச்சில் இல்லாமல் போய், பல வருடங்கள் மறுபதிப்பே வரவில்லை. 1997-இல் ஓஸியோடு பழைய நால்வரும் மீண்டும் மேடையேறியதும், நடுவில் நடந்ததைப் பற்றிப் பேச யாருக்கும் அவசரம் இல்லை. 2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதும் அந்த நால்வரை மட்டுமே சேர்த்தார்கள். டியோவுக்கே இடம் இல்லை என்னும்போது மார்ட்டினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சப்பாத்தில் ஓஸிக்கு அடுத்தபடியாக அதிக ஸ்டுடியோ ஆல்பங்களில் பாடியவர் அவர். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

2024 மே மாதம் 'அன்னோ டொமினி' என்ற பெட்டித் தொகுப்பாக அந்த நான்கும் ஒருவழியாக வந்துவிட்டன. 'எடர்னல் ஐடல்' அதற்கு முந்தைய நிறுவனத்தில் வந்தது என்பதால் அதில் சேரவில்லை, தனியாகத் தேட வேண்டும். 'ஹெட்லெஸ் கிராஸ்'ஸில் தொடங்குங்கள்.

கேள்வி: 'ஃபர்பிடன்' (1995) உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

சப்பாத்தின் ஆல்பங்களிலேயே பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழி முழுவதையும் பாடகர் தலையில் போடுவது அநியாயம். பாடி கவுன்ட் குழுவின் எர்னி சி தயாரித்தார். ராப் பாடகர் ஐஸ்-டி ஒரு பாட்டில் வந்து பேசிவிட்டுப் போகிறார். கோஸி பவல் மாதிரி ஒருவர் வாசித்தும் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்கிறது. புதிய தொகுப்புக்காக ஐயோமியே இதை மறுபடி மிக்ஸ் செய்தார். இப்போது கிட்டாருக்கு உடம்பு வந்திருக்கிறது. கடைசிப் பாட்டு 'கிஸ் ஆஃப் டெத்' மட்டும் பழைய மிக்ஸிலும் தேறியது, புதியதில் இன்னும் நன்றாக இருக்கிறது.

கேள்வி: அயர்ன் மெய்டனில் பிளேஸ் பேலி பாடிய இரண்டு ஆல்பங்களுக்கும் இதே நியாயம் பொருந்துமா?

பாதி பொருந்தும். 1995-இன் 'தி எக்ஸ் ஃபேக்டர்' இருண்ட, கனமான ஆல்பம். பேலியின் தாழ்ந்த குரல் அதற்கு ரொம்பப் பொருத்தம். 1998-இன் 'வர்ச்சுவல் லெவன்' எனக்கு ஒட்டவில்லை, 'தி கிளான்ஸ்மேன்' நீங்கலாக. மேடையில், முந்தைய பாடகர் புரூஸ் டிக்கின்சனின் உச்சக் குரலுக்கு எழுதிய பழைய பாட்டுகளைப் பேலி பாட வேண்டியிருந்தது. அங்கே திணறியதைப் பார்த்தவர்கள் ஆல்பத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். டிக்கின்சன் திரும்பி வந்தபிறகு 'எக்ஸ் ஃபேக்டர்' ஆல்பத்தின் 'சைன் ஆஃப் தி கிராஸ்' பாட்டை மேடையில் அவரே பாடினார் என்றால், பாட்டின் தரத்துக்கு வேறு சாட்சி எதற்கு? நீங்கள் பேலி பாடியதை முதலில் கேளுங்கள், 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஜூடாஸ் பிரீஸ்டின் ரிப்பர் ஓவன்ஸ் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த இதழில்.