ஐம்பத்தெட்டுக்குப் பூஜ்யம்

வணக்கம் அக்கா,

நான் கனடாவில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மோங்டன் நகரத்தில் இருக்கிறேன். படிக்க வந்தவன், இப்போது இங்கேயே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் 2024 அக்டோபரில் நியூ பிரன்சுவிக் தேர்தல் முடிவுகளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். லிபரல் 31 இடம், கன்சர்வேட்டிவ் 16, பசுமைக் கட்சி 2. மறுநாள் எங்கள் கிடங்கில் ஒரு பெரியவர், "இதெல்லாம் என்ன வெற்றி? 1987ல் லிபரல் தலைவர் மெக்கென்னா 58க்கு 58 எடுத்தார்" என்று பெருமையாகச் சொன்னார்.

அப்புறம்தான் உங்கள் பழைய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அதே தேர்தலைப் பற்றி "அன்று ராத்திரி அந்த மாகாணத்தில் எல்லோருமே தோற்றார்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் சேர்ந்து ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான தீர்ப்பு இருக்க முடியுமா? எதிர்க்கட்சி இல்லாமல் போனதால் அப்படி என்ன கெட்டுப்போனது? பிடிக்காவிட்டால் மக்கள் அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்வார்கள்தானே?

எஸ்., மோங்டன்

*

அன்புள்ள எஸ்.,

அது ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. கேட்டது நல்லதாகப் போயிற்று. அந்தத் தேர்தலைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கும் உடன்பாடான ஒரு இடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நியூ பிரன்சுவிக்கில் தேர்தல் வரைபடமும் மொழி வரைபடமும் வெகுகாலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வடக்கிலும் கிழக்குக் கடற்கரையிலும் அகேடியர்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பகுதிகள் லிபரல் பக்கம். தெற்கிலும் மேற்கிலும் ஆங்கிலம் பேசும் விவசாய ஊர்கள், கன்சர்வேட்டிவ் பக்கம். 1987 அக்டோபர் 13ஆம் தேதி இந்தக் கோடு அழிந்தது. அது சின்ன விஷயம் இல்லைதான்.

ஆனால் அந்தக் கோட்டை முதலில் அழிக்கத் தொடங்கியவர் மெக்கென்னா இல்லை. அன்று தோற்ற கன்சர்வேட்டிவ் முதல்வர் ரிச்சர்ட் ஹாட்ஃபீல்ட்தான் அதைத் தொடங்கினார். 1970ல் ஆட்சிக்கு வந்து தொடர்ந்து நான்கு தேர்தல் ஜெயித்தவர். ஆங்கிலமும் பிரெஞ்சும் அரசு மொழிகள் என்ற இருமொழிச் சட்டத்தை 1969ல் கொண்டுவந்தது அவருக்கு முன்பிருந்த லிபரல் முதல்வர் லூயி ரோபிஷோ. ஆட்சி மாறியதும் அதைக் கிடப்பில் போட்டிருக்கலாம், அவருடைய கட்சியில் பலர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவரோ அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1981ல் இரண்டு மொழிச் சமூகங்களும் சமம் என்று தனியாக ஒரு சட்டமும் போட்டார். அவருக்குப் பிரெஞ்சு சரளமாக வராது. அப்படியும் 1982ல் அகேடியர் தொகுதிகள் அவருக்கு ஓட்டுப் போட்டன. 58ல் 39 இடம், அவர் பெற்றதிலேயே பெரிய வெற்றி.

அங்கிருந்து ஐந்தே வருடத்தில் பூஜ்யம். காரணங்களை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் விரல் விட்டுச் சொல்வார்கள். எழுபதுகளில் பிரிக்லின் என்ற கார் கம்பெனியில் அரசுப் பணத்தைப் போட்டார். இறக்கை மாதிரி மேலே திறக்கும் கதவுகள் வைத்த கார். மூவாயிரம் கார்கூடத் தயாராகாமல் கம்பெனி மூடியது, மாகாணத்துக்கு இருபது மில்லியன் டாலருக்கும் மேல் நஷ்டம். 1984ல் எலிசபெத் அரசியார் வந்திருந்த சமயம் ஹாட்ஃபீல்டின் பெட்டியில் கஞ்சா கிடைத்தது. வழக்கில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று, ஆனால் பேச்சு அடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனார். அரசியல் சட்டம் அனுமதிக்கும் ஐந்து வருடம் முழுசாக முடியும்வரை காத்திருந்தார். ஜனங்கள் சலித்துப்போனார்கள். கடைசியில் கார்லட்டன் சென்டரில் அவருடைய சொந்தத் தொகுதியே கைவிட்டது. 1961லிருந்து அவரைச் சபைக்கு அனுப்பிய ஊர்கள் அவை.

இனி அந்த முடிவின் கணக்குக்கு வருவோம். லிபரல் வாங்கியது 60 சதவீதம். மிகப் பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. கன்சர்வேட்டிவ் 28 சதவீதத்துக்கும் மேல். என்.டி.பி. என்ற இடதுசாரிக் கட்சி 10 சதவீதத்துக்கும் மேல். ஆக, பத்துப் பேரில் நாலு பேர் "மெக்கென்னா வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஆட்கள். அவர்களுக்கு சபையில் ஒரு நாற்காலிகூட இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்கு மட்டுமே இடம் என்ற முறையில், ஒரு கட்சியின் ஓட்டு எல்லா ஊரிலும் சீராகப் பரவிவிட்டால் இப்படித்தான் ஆகும். வழக்கமாக மொழிக்கோடு ஒரு அணை மாதிரி நின்று இதைத் தடுத்துவந்தது. கோடு அழிந்தபோது அணையும் போய்விட்டது. நீங்கள் ஒற்றுமை என்று பார்த்ததும், நான் தோல்வி என்று எழுதியதும் ஒரே நிகழ்ச்சியைத்தான். அதனால்தான் எல்லோரும் "ஒரே பக்கம்" நின்றார்கள் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குரல்கள் மூன்று இருந்தன. சபைக்குள் போனது ஒன்று.

சில வருடங்களுக்கு முன் ஹார்ட்லாண்டுக்குப் போயிருந்தேன். ஹாட்ஃபீல்ட் வளர்ந்த ஊர். செயின்ட் ஜான் ஆற்றுக்கு மேலே, கூரை போட்ட மரப்பாலங்களிலேயே உலகத்தில் மிக நீளமானது அங்கே இருக்கிறது, 391 மீட்டர். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். பரம்பரையாகக் கன்சர்வேட்டிவ் குடும்பம். 1987ல் அவரே லிபரலுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். "எங்கள் ஆளுக்கு ஒரு பாடம் சொல்ல நினைத்தேன். பக்கத்து ஊர்க்காரர்களும் அப்படியே நினைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இதை அவர் சிரிக்காமல் சொன்னார். ஆளை மாற்ற வேண்டும் என்று நினைத்தார்களே தவிர, எதிர்வரிசையையே காலி செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுத்த முடிவு சேர்ந்து, யாருமே கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டது. "எல்லோருமே தோற்றார்கள்" என்று நான் எழுதும்போது அந்த அம்மாதான் மனதில் இருந்தார்.

சரி, என்ன கெட்டுப்போனது என்று கேட்கிறீர்கள். மெக்கென்னா கெட்ட முதல்வர் என்று நான் சொல்லவே மாட்டேன். உழைப்பாளி. பத்து வருடம்தான் இருப்பேன் என்று சொல்லி, 1997ல் சரியாக அதே அக்டோபர் 13ஆம் தேதி விலகிப்போனவர். பதவியில் இருக்கிறவர்களில் அப்படி வாக்கைக் காப்பாற்றியவர்கள் எத்தனை பேர்? நான் சொல்வது அவருடைய நல்ல குணத்தைப் பற்றியே இல்லை. கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மந்திரியை எழுந்து கேள்வி கேட்பது யார்? அவருடைய கட்சியின் பின்வரிசைக்காரர். அவருக்கு நாளைக்கு மந்திரியாக வேண்டும் என்ற ஆசை இருக்கும், அதில் தப்பும் இல்லை. முதல் கேள்வி அவர் கேட்பார். பதில் சரியில்லாதபோது இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, அடுத்த நாள் மறுபடியும் அதே கேள்வி என்று விடாமல் துரத்த ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் அங்கே இல்லை. அரசு செலவழித்த கணக்கைப் பார்க்கும் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைமை தாங்குவது இந்த வகைச் சபைகளின் வழக்கம். எதிர்க்கட்சியே இல்லாதபோது அந்த வழக்கத்துக்கு எங்கே போவது?

ஒரே ஒரு உறுப்பினர் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு மானிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. எனக்கு இந்த நாட்டு அரசியலில் மிகவும் பிடித்த கதை அதுதான்.

1987 ஜூனில் எல்லா மாகாண முதல்வர்களும் பிரதமர் மல்ரோனியோடு சேர்ந்து மீச் லேக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தைத் தனித்தன்மையுள்ள சமூகமாக அரசியல் சட்டத்தில் அங்கீகரிக்கும் ஒப்பந்தம். மூன்று வருடத்துக்குள் எல்லாச் சட்டசபைகளும் ஏற்றாக வேண்டும். கடைசி நாள் 1990 ஜூன் 23. மெக்கென்னா ஆரம்பத்தில் தயங்கினார், பிறகு மாறினார். நியூ பிரன்சுவிக்கின் தலைநகர் ஃபிரெடெரிக்டனில் இருக்கும் சபையும் கடைசியில் ஏற்றுக்கொண்டது. மானிடோபாவில் 1988 தேர்தல் யாருக்கும் பெரும்பான்மை கொடுக்கவில்லை. கன்சர்வேட்டிவ் 25, லிபரல் 20, என்.டி.பி. 12. மூன்று கட்சித் தலைவர்களும் ஒட்டாவா போய்ப் பேசி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டு வந்தார்கள். நாள் குறைவாக இருந்ததால் வழக்கமான முன்னறிவிப்பு இல்லாமலே விவாதத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு சபையில் ஒருவர்கூட மறுக்காமல் அனுமதி கொடுக்க வேண்டும்.

எலைஜா ஹார்ப்பர் மறுத்தார். மூன்றாவது கட்சியில் பின்வரிசை உறுப்பினர், வடக்கே ரெட் சக்கர் லேக் என்ற ஊரில் பிறந்த பூர்வகுடிக்காரர். இந்த ஒப்பந்தத்தில் எங்கள் மக்களுக்கு இடமே இல்லையே என்பது அவர் கேள்வி. கையில் ஒரு கழுகு இறகைப் பிடித்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொரு தடவையும் அமைதியாக "இல்லை" என்றார். நாட்கள் ஓடிவிட்டன. மானிடோபாவில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை, நியூஃபவுண்ட்லாண்டும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. ஒப்பந்தம் செத்துப்போனது.

ஒப்பந்தம் தோற்றது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். கியூபெக்கில் அது ஆழமான காயத்தை உண்டாக்கியது, அதையும் நான் மறக்கவில்லை. நான் பார்ப்பது அந்த 57 பேரில் ஒருவரை. நாட்டின் முதல்வர்கள் எல்லோரும் சேர்ந்து மறந்துபோன ஒரு கேள்வியை எழுப்ப, அவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் எழுந்து நிற்க ஒரு உரிமையும் இருந்தன. அதே காலத்தில் ஃபிரெடெரிக்டனில் எதிர்வரிசையிலிருந்து எழுந்து நிற்க யாருமே கிடையாது.

"அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்வார்கள்" என்றீர்களே, அந்த அடுத்த தேர்தலையும் பார்த்துவிடுவோம். 1991 செப்டம்பர். லிபரல் 46 இடம், கன்சர்வேட்டிவ் 3, என்.டி.பி. 1. மீதி 8 இடத்தைப் பிடித்து அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக வந்தது கோர் என்ற கட்சி. அந்த மாகாணத்தில் அது தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் முக்கிய கோரிக்கையே இருமொழிச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது. ஐந்தில் ஒருவருக்கும் மேல் அதற்கு ஓட்டுப் போட்டார்கள், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு விழுந்ததைவிட அதிகம். ஜெயித்த இடங்கள் எல்லாம் ஆங்கிலம் பேசும் பகுதிகள். 1987ல் அழிந்த கோடு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது.

அந்தக் கோபம் 1987க்குப் பிறகு முளைத்தது என்று நான் சொல்லவில்லை. ஹாட்ஃபீல்ட் காலத்திலேயே அது இருந்தது. ஆனால் அப்போது அந்தக் கோபத்தைச் சுமந்த உறுப்பினர்கள் ஹாட்ஃபீல்டின் சொந்தக் கட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களோடு மல்லுக்கட்டினார், சமாதானம் சொன்னார், சில சமயம் அதட்டினார், சட்டத்தையும் காப்பாற்றினார். 1987ல் அந்த வீடே இடிந்துவிட்டது. கோபம் தெருவுக்கு வந்தது. தெருவில் அதோடு பொறுமையாக வாதாட யாரும் இல்லை. நான்கு வருடம் கழித்துத் தனிக் கட்சியாக உள்ளே வந்தது. சபையில் கொஞ்சம் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் இருந்திருந்தால் கோர் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம். இதை நிரூபிக்க முடியாது, ஆனால் உறுதியாகவே நம்புகிறேன். ஒரு ஆறுதல், 1995 தேர்தலில் கோருக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. ஹாட்ஃபீல்ட் இது எதையும் பார்க்கவில்லை. 1991 ஏப்ரலில் மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார்.

பக்கத்துத் தீவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், மோங்டனிலிருந்து உங்களுக்கு அது கூப்பிடு தூரம்தான். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1935லேயே லிபரல் கட்சி 30க்கு 30 ஜெயித்தது. அங்கேயும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். 1993ல் அதே தீவில் லிபரல் 31, எதிர்க்கட்சி 1. அந்த ஒன்று பாட் மெல்லா என்ற கன்சர்வேட்டிவ் பெண்மணி. மூன்று வருடத்துக்கும் மேல் தனி ஆளாக எதிர்வரிசையில் உட்கார்ந்து எல்லா மந்திரிகளையும் கேள்வி கேட்டார். 1996ல் அவர் கட்சி ஜெயித்தது, அவர் நிதிப் பொறுப்பை ஏற்றார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் ஞாபகம்தான்.

உங்கள் கிடங்குப் பெரியவர் பெருமைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்த ராத்திரியைப் பார்த்தவர், பதினேழு வருட ஆட்சி போன சந்தோஷம் அவருக்கு இருந்திருக்கும். முடிந்தால் 1991ல் அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அப்புறம், ஃபிரெடெரிக்டன் உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. சபை கூடும் நாளாகப் பார்த்து ஒரு தடவை போங்கள். ஆற்றங்கரையை ஒட்டிய பழைய கட்டடம், பார்வையாளர் மாடத்தில் உட்கார ஓட்டுரிமை தேவையில்லை. கேள்வி நேரத்தில் அந்த இரண்டு பசுமைக் கட்சி உறுப்பினர்கள் எழுந்து நிற்கும்போது மந்திரிகள் பக்கம் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா