சட்டைப் பைக்குள் அடங்கும் டன்ஜன் கிராலர் (நிலவறைக்குள் புகுந்து அரக்கர்களோடு மோதும்) விளையாட்டுகள் உண்மையிலேயே நன்றாக இருக்குமா, சீக்கிரம் அலுத்துவிடுமா?

நன்றாகவே இருக்கும். ஆனால் நிலவறைக்குள் அலைந்து திரியும் உணர்வை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சின்னப் பெட்டியில் கிடைப்பது ஒரே ஒரு இக்கட்டு. அது கூர்மையாக இருந்தால் நூறு முறைகூட ஆடலாம்.

காசு செலவில்லாமல் சோதிக்க ஸ்கவுண்ட்ரல் (2011) என்ற ஒற்றை ஆள் சீட்டாட்டத்தை ஆடிப் பாருங்கள். சாதாரணச் சீட்டுக்கட்டில் ஜோக்கர்களையும் சிவப்பு ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸையும் எடுத்துவிட்டால் மீதி 44. கறுப்பெல்லாம் அரக்கர்கள், டைமன் ஆயுதம், ஆட்டின் (ஹார்ட்) மருந்து. உயிர் 20. நான்கு சீட்டு விரித்தால் ஓர் அறை. மூன்றைச் சந்தித்தே ஆக வேண்டும், நான்காவது அடுத்த அறைக்குப் போகும். அறையைத் தவிர்க்கலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டைத் தவிர்க்க முடியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஏஸுக்கு 14 என்று வைத்தால் அரக்கர்களின் மொத்த அடி 208. உயிரும் மருந்தும் சேர்ந்து 74தான். பிழைக்க வேண்டுமென்றால் 134 அடிக்கும் மேல் ஆயுதம் தாங்க வேண்டும். அதுவோ ஒருமுறை ஓர் அரக்கனை வெட்டியதும் அவனைவிடப் பெரிய அரக்கனை வெட்டாது. கையில் 7 டைமன், எதிரில் 4. வெட்டினால் காயமில்லை, ஆனால் அடுத்த அறையில் ராணி வந்தால் 12ம் உங்கள் மேல்தான். 4ஐ வெறுங்கையால் தாங்கியிருந்தால் ராணியிடம் 12 – 7 = 5 மட்டுமே, மொத்தம் 9. ராணி வருவாளா என்பதுதான் தெரியாது! புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சாவது, ஆயுதத்தைச் சில்லறை அரக்கர்மேல் வீணாக்கித்தான். ஒரே அறையில் இரண்டாவது மருந்து பலிக்காது என்பதையும் மறந்துவிடுவார்கள்.

குறைகள் உண்டு. மினி ரோக் என்ற சீட்டு-பகடை ஆட்டத்தின் முதல் வடிவத்தில் 9 சீட்டுதான். ஒன்றிரண்டு ஆட்டத்திலேயே எல்லாம் பழகிவிடும், பிறகு பகடை அதிர்ஷ்டம்தான் மிச்சம். இவ்வகைச் சின்ன ஆட்டங்களில் பெரும்பாலும் வரைபடம் இருக்காது, எங்கே நிற்கிறோம் என்பதற்குப் பொருளே இருக்காது. ஒன் கார்டு டன்ஜன் என்ற ஆட்டம் விதிவிலக்கு: ஒரே சீட்டில் கட்டங்கள், மூன்று பகடையை வேகம், தாக்குதல், தற்காப்பு என்று பிரித்து வைக்க வேண்டும். நாயகன் மாதக்கணக்கில் வளரும் கதை வேண்டுமென்றால் பெரிய பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பயணத்தில் ஆட நினைத்தால், பையில் அடங்குவது மடியில் அடங்காது. 63 மி.மீ. அகலச் சீட்டு நான்கு வைத்தாலே 25 செ.மீ. 44 மி.மீ. சீட்டென்றால் 18 செ.மீ. போதும், ஆனால் எழுத்து நிறைந்த ஆட்டம் என்றால் கண் வலிக்கும். உயிரை எண்ண 20 பக்கப் பகடை வேண்டாம், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் எண் போய்விடும். 1 முதல் 20 வரை எழுதிய அட்டைத் துண்டில் ஒரு பேப்பர் கிளிப்பை நகர்த்துங்கள். பகடையை மூடி தெரியும் சின்ன டப்பாவில் போட்டே குலுக்குங்கள், இருக்கைக்கு அடியில் தேட வேண்டியிருக்காது.